முகக்கவசத்துக்குள் சிரித்தவளுக்கு

ஏட்டி, இன்று காலை பீரோவின் அடித்தட்டைக் கலைத்துப்போட்ட என் மகள், பூப்போட்ட துணி முகக்கவசம் ஒன்றைக் கண்டெடுத்துத் தன் பொம்மைக்குக் கட்டிவிட்டாள். ஒரு பக்க நாடா நீளம், மறுபக்கம் குட்டை. உன் தையல்தான். யார் தைத்தது என்று கேட்டாள். "நீ முதன்முதலில் பால் குடித்த கதையைச் சொல்லவா?" என்று அவளிடம் கேட்டேன். பொம்மையோடு என் மடியில் ஏறிக்கொண்டாள். அவளிடம் பாதிதான் சொன்னேன். முழுவதையும் உனக்கு எழுதுகிறேன்.

கொரோனாவின் இரண்டாவது அலை. தொற்றோடு பிரசவித்தவர்களுக்கென்று ஆஸ்பத்திரியில் ஒதுக்கியிருந்த அறையில் முன்பின் தெரியாத நாம் இருவர் மட்டும். எனக்கு முப்பத்தேழு வயது, சிவகாசியில் காலண்டர் அச்சகத்தில் பைண்டிங் மேற்பார்வை, பதினோரு வருடம் காத்திருந்து பெற்ற முதல் பிள்ளை. உனக்கு இருபத்தைந்து, விஸ்வநத்தம் பட்டாசுக் கம்பெனியில் வேலை, இரண்டாவது பிள்ளை.

தாய்ப்பால் கொடுக்கலாம், முகக்கவசம் போட்டுக் கை கழுவிவிட்டுக் கொடுங்கள் என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார். இரண்டு தடவையும் தலையாட்டினேன். ஆனால் மகளின் தொட்டிலை ஜன்னலோரம் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டேன். பிள்ளையைத் தொடாதே என்று மாமியார் போனில் அழுதார். அவர் வாங்கிக் கொடுத்த பால்பவுடர் டப்பாவை என் வீட்டுக்காரர் வாசல் கேட்டில் கொடுத்துவிட்டுப் போனார். அதை மகள் சரியாகக் குடிக்கவில்லை. எடை குறைகிறது என்றார் நர்ஸ். பால் கட்டி மார்பு கல்லாகக் கனத்தது. சுவரைப் பார்த்துப் படுத்து அழுதுகொண்டிருந்தேன்.

"ஏன் மதினி, புள்ளை அங்கன கெடக்கு, பாலு இங்கன கெடக்கு. நடுவுல நீங்க ஏன் அழுதுக்கிட்டுக் கெடக்கீக?" என்றாய்.

எனக்குக் கோபம் வந்தது. என் மூச்சுக்காற்றுப் பட்டு அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது என்று கேட்டேன். நீ சிரிக்கவில்லை. உன் மூத்தவனைப் பற்றிச் சொன்னாய். அவன் கைக்குழந்தையாக இருந்தபோதே நீ வேலைக்குத் திரும்பியிருக்கிறாய். பட்டாசு மருந்து முழங்கை வரை வெள்ளியாக அப்பியிருக்குமாம். வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் கையை நீட்டி அழுவானாம். நீ அவனைப் பார்க்காமலே பின்பக்கம் போய், தேய்த்துத் தேய்த்துக் கழுவி, சேலை மாற்றிவிட்டுத்தான் தூக்குவாயாம்.

"மருந்துக்குப் பயந்து பாலை நிறுத்தலையே மதினி. கழுவிட்டுத்தான குடுத்தேன். இதுக்கும் கழுவிட்டுக் குடுப்போம்."

எழுந்தேன். மூலைக் குழாயில் நான் கழுவ, நீ பக்கத்தில் நின்று இருபது வரை எண்ணினாய். ஆஸ்பத்திரி முகக்கவசத்துக்கு மேல் நீ தைத்ததையும் கட்டிவிட்டாய். மகளைக் கொண்டுவந்து மடியில் வைத்தாய். என் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. பதினோரு வருடம் காத்திருந்த முகம் தெரியவில்லை. நீதான் பார்த்துப் பார்த்துச் சொன்னாய். வாயைத் திறக்கிறாள். தேடுகிறாள். பிடித்துவிட்டாள். அதை நீ சொல்வதற்குள் எனக்கே தெரிந்துவிட்டது. "எம்புட்டு உரிமை பாருங்க மதினி, வாடகை வாங்க வந்த வீட்டுக்காரி மாதிரி" என்றாய். நான் சிரிக்க, பிள்ளை குலுங்க, அப்போதும் அவள் விடவில்லை.

மறுநாள் எடை குறையவில்லை. அதற்கும் மறுநாள் கொஞ்சம் கூடியிருந்தது. அன்றைக்குத்தான் உனக்குக் காய்ச்சல் ஏறியது. ஆக்சிஜன் குழாயோடு படுத்தாய், உட்கார முடியவில்லை. முடிந்தால் படுத்தபடியே கொடுக்கலாம் என்றார் டாக்டரம்மா. நீ என்னைப் பார்த்தாய். என் பிள்ளையைத் தொடப் பயந்தவள் உன் சின்னவனைத் தூக்கினேன். உன்னை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அவனை உன்னோடு அணைத்துப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நாள், அவன் அழுதபோதெல்லாம். ஒரு தடவை கண்ணைத் திறக்காமலே, "எண்ணிக் கழுவினீகளா?" என்று கேட்டாய். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியது. நீ இட்லி கேட்டாய். பிள்ளைகள் இருவருக்கும் தொற்று இல்லை என்று முடிவு வந்தது. நர்ஸ் வந்து சொன்னபோது நாம் கைதட்டினோம்.

அந்தப் பொங்கலுக்கே இரண்டு குடும்பமும் சேர்ந்து ஆனைக்குட்டம் அணைக்குப் போனோம். அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் போனோம். போன வருடம் மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. அந்த நாட்களைப் பற்றி எழுத மாட்டேன். உன் பிள்ளைகள் நன்றாக இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் இரண்டு பேரும் எங்கள் வீட்டில்தான். சின்னவனும் என் மகளும் ஒரே வகுப்பு, தினமும் ஒரு சண்டை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் அச்சகத்தில் கைக்குழந்தைக்காரிகள் நான்கு பேர் இருக்கிறார்கள். சீசன் நேரத்தில் பால் கசிந்து சேலை நனைய நின்று வேலை பார்ப்பார்கள். முன்பெல்லாம் பார்த்தும் பார்க்காததுபோல் போயிருப்பேன். இந்த முறை முதலாளியிடம் நேரே போய், பிள்ளைகளைக் கொண்டுவந்து பால் கொடுக்க ஓர் அறை வேண்டும் என்று கேட்டேன். பேப்பர் அறையை ஒட்டிய சின்ன அறையை ஒழித்துக் கொடுத்தார். அறையைத் திறந்த அன்று, இந்த யோசனை உங்களுக்கு எப்படித் தோன்றியது என்று கேட்டார்.

"பக்கத்துக் கட்டில்ல ஒரு பொண்ணு இருந்தா சார்" என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. அறைக்குள் ஒரு பிள்ளை அழுதது, அழுகை உடனே நின்றது.