உதாரணத்துக்கு உங்கள் பெயர்

இன்று காலை கம்ப்யூட்டர் அறையில் ஒரு மாணவி, மூக்கடைப்பு என்று கைக்குட்டையில் யூகலிப்டஸ் தைலத்தைத் தெளித்துக்கொண்டாள். நீங்களே கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்ததுபோல் இருந்தது, சார். போன மாதம் நீங்கள் இறந்ததும், அஞ்சலி மலருக்கு நல்லதாக நாலு வார்த்தை கேட்டார்கள். எனக்கு வரவில்லை. அதனால் உங்களுக்கே எழுதுகிறேன்.

உங்கள் மஃப்ளரில் எப்போதும் அந்த வாசனைதான். இந்தப் பல்கலைக்கழகத்துக்கு முதல் கம்ப்யூட்டராக ஒரு யூனிக்ஸ் மெஷின் வந்த வருஷம் நீங்கள் பிரிவுத் தலைவர், நான் தற்காலிக உதவியாளர். சிலோனிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்கள் நடுகாணிப் பக்கத்து எஸ்டேட் லயங்களில், அந்த லைன் வீடுகளில், இன்னும் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். நாங்கள் கொஞ்சம் முன்னால் வந்தவர்கள். எனக்கு வேலை நிரந்தரமானால் அம்மா தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிவைக்கலாம். என் நினைப்பெல்லாம் அதில்தான் இருந்தது.

அந்த மெஷினைப் பற்றிக் கேட்க ஊட்டியில் வேறு ஆள் கிடையாது. விற்றவர்களுக்கு மெட்ராஸுக்கு டிரங்க் கால் போட்டால் லைன் கிடைக்காது. லைன் கிடைத்தால் விஷயம் தெரிந்த ஆள் இருக்கமாட்டார். கையேடுகள் உங்கள் பீரோவில், பீரோ சாவி உங்கள் கோட்டில். சாயங்காலம் மெஷினை நிறுத்தும்போதுகூட என்னை வெளியே அனுப்பிவிடுவீர்கள். ஒருநாள் மட்டும் அந்த வேலையை என்னிடம் விட்டுவிட்டுக் கிளம்பினீர்கள். நிறுத்தும் முன் ஏதாவது கட்டளை கொடுக்க வேண்டுமா என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஒண்ணும் வேண்டாம்மா. சுவிட்ச அணச்சாப் போதும். சீக்கிரம் போ, பஸ்ஸு போயிரும்."

என் பஸ்மேல் உங்களுக்கு இருந்த அக்கறைக்கு நன்றி வேறு சொன்னேன். அணைத்தேன். மறுநாள் மெஷின் எழுந்திருக்கவில்லை. பேராசிரியர்கள் சேர்த்துவைத்திருந்த கோப்புகள் பாதிக்குமேல் போயிருந்தன.

"நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனுங்க. எஸ்டேட் லைன்ல இருந்து வந்த புள்ளைக்கு என்னங்க தெரியும்?" என்று பதிவாளரிடம் சொன்னீர்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த வாரமே என்னை வேலையை விட்டு நிறுத்தினார்கள். என் நாற்காலியில் உங்கள் மச்சான் மகன் வந்து உட்கார்ந்தான்.

நடுகாணிக்குத் திரும்பினேன். "அழுவாத புள்ள. அந்தாளு போட்ட சோத்தையா தின்னோம்?" என்று சொல்லிவிட்டு அம்மா கூடையை மாட்டிக்கொண்டு மலையேறினாள். அவள் அதை இறக்கிவைக்கவே இல்லை. அந்த மலையிலேயே போய்ச் சேர்ந்தாள்.

அதைவிடக் கொடுமை, தப்பு என்னுடையது என்று நானே நம்பியது. பிறகு கோயம்புத்தூரில் வேலை பார்த்துக்கொண்டே படித்தேன். முதல் வகுப்பிலேயே ஆசிரியை சொன்னார்: "எத மறந்தாலும் இத மறக்காதீங்க. மெஷின எல்லாத்தையும் டிஸ்க்குல எழுதச் சொல்லணும், நிறுத்தச் சொல்லணும், அப்புறந்தான் சுவிட்ச்." தினமும் என்னை வெளியே அனுப்பிய பிறகு நீங்கள் கீபோர்டில் எதையோ தட்டும் சத்தம் கதவுக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேட்டிருக்கிறது. உங்களுக்குத் தெரியும். தெரிந்தேதான் சொன்னீர்கள்.

தேர்வெழுதி ஆசிரியையாக இதே அறைக்குத் திரும்பி வந்தபோது நீங்கள் ஓய்வுபெற்றிருந்தீர்கள். யூனிக்ஸ் போலவே இயங்கும் லினக்ஸ் சர்வர் அமைப்பதற்கு ஒரு வழிகாட்டி எழுதி எல்லோருக்கும் திறந்துவைத்தேன். இனி யாரும் எந்தப் பீரோவின் முன்னாலும் நிற்க வேண்டாம். புதுப் பயனரைச் சேர்ப்பது, நீக்குவது என்று வரும் பாடத்துக்கு உதாரணமாக ஒரு பெயர் தேவைப்பட்டது. உங்கள் பெயரைப் போட்டேன். ஒவ்வொரு வகுப்பும் உங்களைச் சேர்க்கிறது, பிறகு உங்கள் கோப்புகளோடு சேர்த்து அழிக்கிறது.

ஓய்வூதிய விஷயமாக ஒருமுறை வந்தபோது திரையைப் பார்த்துவிட்டீர்கள்.

"ஏம்மா, இதுக்கு என்ற பேரா கெடச்சுது?"

"ஒரு உதாரணத்துக்குத்தானுங்க சார்."

உங்களுக்காக வரவழைத்த டீயைத் தொடாமல் போனீர்கள். அதை நானே குடித்தேன். அவ்வளவு ருசியான டீயை அதற்குமுன் குடித்ததில்லை.

இன்று அந்தத் தைலக்காரி கேட்டாள்: "மேடம், இவரு எறந்துட்டாருங்களாமா. பேர மாத்தீரலாங்களா?"

"வேண்டாம். இருக்கறபடியே செய்."

செய்தாள். ஒரு நொடியில் நீங்கள் இல்லை. ஆனால் மெஷினை நிறுத்தும்போதெல்லாம் சுவிட்சை அணைத்தால் போதும் என்று உங்கள் குரல் மட்டும் இன்னும் கேட்கிறது. அதை அழிக்க எனக்கு வழி தெரியவில்லை. தெரியும்வரை உங்கள் பெயர் அங்கேயே இருக்கும், சார். நாளை புது வகுப்பு.