இராயப்பர் நாற்காலியில் இசைவாணி

பள்ளிக்கூடக் குடியிருப்பு,
கச்சிராயபாளையம் வழி,
ஜூன் 17, புதன்கிழமை.

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அம்மா எழுதுவது. சேசுவுக்கே புகழ். நான் உயிரோடு இருக்கிறேன், வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், நெற்றியில் போட்ட தையலைப் பிரித்தாகிவிட்டது. நீயும் உன்னோடு மடத்தில் இருக்கும் பிள்ளைகளும் ராஞ்சி மழையில் சளி காய்ச்சல் வராமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. படித்ததும் கிழித்துப் போடத்தான் தோன்றியது, உன் கையெழுத்தாயிற்றே என்று மடித்து வைத்தேன். வெள்ளிக்கிழமை நான் கள்ளக்குறிச்சியில் மாஜிஸ்திரேட் முன்னால் வாக்குமூலம் கொடுக்கப்போவதை உன் சித்தப்பா மடத்துக்கு போன் போட்டுச் சொல்லியிருக்கிறார். கூட்டத்தில் யார் அடித்தது என்று நான் சரியாகப் பார்க்கவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும், அப்பா மேல் உள்ள வழக்கு போய்விடும், ஆகஸ்ட் பதினைந்தில் உன் துறவற வார்த்தைப்பாட்டுக்கு அப்பாவும் நானும் ஆளுக்கொரு பக்கம் கைபிடித்து உன்னைப் பீடத்துக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று எழுதியிருக்கிறாய். மன்னிப்பைப் பற்றி ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறாய். அந்த வசனங்களை எல்லாம் இரண்டாம் வகுப்பில் உனக்குச் சொல்லிக்கொடுத்தவளே நான்தான் ஜெசி.

சித்தப்பா எதைச் சொன்னாரோ எதை விட்டாரோ, நடந்ததை நான் எழுதுகிறேன். உங்கள் நவசன்னியாசத் தாய் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்றாய், தமிழ்க்காரர் என்றும் சொன்னாய். படிக்கட்டும். அவர்களுக்கும் விளங்கட்டும் என்று உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். நம் கோயிலில் பெரிய வியாழன் அன்று பாதம் கழுவும் சடங்குக்குப் பன்னிரண்டு நாற்காலி. பதினொன்று ஊர்த்தெருவில் பதினொரு வீட்டுக்குச் சொந்தம். அப்பன் செத்தால் மூத்த மகனுக்குப் போகும். முதுகுப் பலகையில் அப்போஸ்தலர் பெயர் எழுதியிருக்கும், நம் வீட்டினுடையது இராயப்பர் நாற்காலி, முதல் நாற்காலி. குருத்து ஞாயிறு முடிந்ததும் உன் அப்பா அதைக் கழுவி எண்ணெய் தேய்த்துத் தோளில் தூக்கிக்கொண்டு போவார், வேறு எந்த வேலைக்கும் அந்த மனிதர் அவ்வளவு பயபக்தியோடு குனிந்து நான் பார்த்ததில்லை. பன்னிரண்டாவது, சேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸ் நாற்காலி. அதை எந்த வீடும் சொந்தம் கொண்டாடாது. மணி அடிக்கிற கோயில்பிள்ளை, காலனிக்குப் போய் யாரையாவது கூட்டிவந்து உட்கார வைப்பார். பதினொரு பேர் கால் கழுவிய தண்ணீர்தான் அவனுக்கு. சாமியார் அந்தக் காலை முத்தம் செய்ய மாட்டார், குனிவது போலக் குனிந்து எழுந்துவிடுவார். நாம் எல்லோரும் அதைப் பார்த்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டு இருந்தோம். நீயும் பாடியிருக்கிறாய்.

இந்த வருடம் தலைமை ஆசிரியை சிஸ்டர் லீமா, பெரியவர்கள் வேண்டாம், நம் பள்ளிப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர் உட்காரட்டும், ஞானோபதேசத் தேர்வில் வாங்கிய மார்க் வரிசைப்படி உட்காரட்டும் என்றார். பங்குச் சாமியாரும் சரி என்றார். எப்படியும் தங்கள் பிள்ளைகள்தான் வருவார்கள் என்று பங்குப் பேரவையும் தலையாட்டியது. கேள்வித்தாள் எடுத்ததும் திருத்தியதும் நான். ஐந்தாம் வகுப்பு இசைவாணி தொண்ணூற்றாறு. காலனிப் பிள்ளை, கரும்பு வெட்டப் போகிற கண்ணகியின் மகள். நூற்று நாற்பது பிள்ளைகளில் அவளுக்கு மேலே யாரும் இல்லை. எனக்குப் பயம் வந்துவிட்டது. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நீ பன்னிரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்துகொள் கண்ணு, அதுவும் நாற்காலிதானே என்றேன். பத்து வயது, என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள், “இன்னா டீச்சர், ஃபர்ஸ்ட் மார்க் எடுத்தா யூதாஸா? அப்ப ஃபெயில் ஆயிருந்தா இன்னா குடுத்திருப்பீங்க?” எனக்கு அவமானமாக இருந்தது. மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஆசிரியர்களின் குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்தாள் என்று இதே பிள்ளையை விரல் முட்டியில் ஸ்கேலால் அடித்தவள் நான். ரத்தம் கட்டியது, அவள் அழவில்லை. நல்லவளாக என்னைக் காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை என்று உனக்குத் தெரிவதற்காகச் சொல்கிறேன்.

அவளை முதல் நாற்காலிக்கே எழுதினேன். அங்கேதான் நான் தப்புச் செய்தேன். உன் அப்பாவிடம் முதல் மார்க் வாங்கிய பிள்ளை நம் நாற்காலியில் உட்காரப் போகிறது என்று மட்டும் சொன்னேன், எந்தப் பிள்ளை என்று சொல்லவில்லை. அவர் பேரவைத் தலைவர் பேரன் என்று நினைத்துக்கொண்டார், நான் திருத்தவில்லை. சாமியார் அந்தக் காலில் தண்ணீர் ஊற்றிவிட்டால் போதும், அதற்குப் பிறகு திருப்பலி நடுவில், நற்கருணைக்கு முன்னால், எவனும் கையை ஓங்க மாட்டான் என்று நம்பினேன். முப்பது வருடம் வேதம் சொல்லிக்கொடுத்தவள் இல்லையா, நான் சொல்லிக்கொடுத்ததை இவர்கள் நம்புகிறார்கள் என்று நினைத்துவிட்டேன்.

சாயங்காலம் ஆறு மணிப் பூசை. பிள்ளைகள் வெள்ளை உடுப்பில் வந்து உட்கார்ந்தார்கள். சாமியார் துண்டைக் கட்டிக்கொண்டு இசைவாணி முன்னால் முழங்கால் போட்டு, வலது காலைக் கழுவித் துடைக்கிற நேரம், உன் அப்பா ஆண்கள் பக்கத்து முதல் வரிசையிலிருந்து எழுந்து வந்தார். ஓடி வரவில்லை, நடந்துதான் வந்தார். பிள்ளையின் சடையைப் பிடித்துச் சுழற்றித் தரையில் தள்ளினார். நாற்காலியைத் தலைக்கு மேலே தூக்கினார். அவள் முகத்தை மறைத்து இடது கையைத் தூக்கினாள். கை முறிந்த சத்தம் பெண்கள் பக்கம் வரைக்கும் கேட்டது ஜெசி. இரண்டாவது முறையும் தூக்கினார், அதற்குள் நான் போய் விழுந்தேன், நாற்காலிக் கால் என் நெற்றியைக் கிழித்தது. பின்னாலிருந்து கண்ணகி கத்திக்கொண்டு ஓடிவந்தாள், அவளை உன் சித்தப்பா வயிற்றில் உதைத்தார், அவள் சுருண்டு கிடந்தபோது இன்னும் இரண்டு பேர் உதைத்தார்கள். கால் கழுவிய பித்தளைத் தாம்பாளத்தை எடுத்து ஒருவன் சிஸ்டர் லீமா முகத்தில் அடித்தான், முன்பற்கள் மூன்று போயின. அத்தோடு நின்றார்களா, இல்லை. பத்துப் பதினைந்து பேர் சாலையைத் தாண்டிப் பள்ளிக்கூடத்துக்குள் போனார்கள். கரும்பலகையைக் கோடாலியால் பிளந்தார்கள். பிள்ளைகளின் ஞானோபதேச நோட்டுகளை முற்றத்தில் குவித்துக் கொளுத்தினார்கள். சத்துணவு அரிசி மூட்டைகள் மேல் டிராக்டர் டீசலை ஊற்றினார்கள். காலனிப் பிள்ளை தின்கிற அரிசி என்று கத்திக்கொண்டே ஊற்றினார்கள், அதே அரிசியைத்தான் அவர்கள் பிள்ளைகளும் தின்கிறார்கள்.

கோயிலில் முந்நூறு பேர் இருந்தார்கள். போலீஸ் கேட்டபோது அத்தனை பேரும் அந்த நேரம் கண்ணை மூடி ஜெபித்துக்கொண்டிருந்தார்களாம். சாமியார் தான் குனிந்து துடைத்துக்கொண்டிருந்ததால் யார் என்று பார்க்கவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார். சிஸ்டர் லீமா அடிபட்டு மயங்கியவர், அவரை அவர் சபை ஆந்திரா பக்கம் மாற்றிவிட்டது. ஸ்டேஷனில் கண்ணகியிடம் இன்ஸ்பெக்டர், “நீங்க கிறிஸ்தவங்கம்மா, வன்கொடுமைச் சட்டம் உங்களுக்கு வராது, சாதாரண அடிதடி கேஸ்தான்” என்றார். கண்ணகி வயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்று கேட்டாள், “அடிக்கிறப்போ காலனின்னு அடிக்கிறான், கேஸு குடுக்க வந்தா கிறிஸ்தவங்கன்றீங்க. நாங்க எங்கதான் சார் போயி நாங்களா இருக்கிறது?” அவர் பேனாவை மூடி வைத்தார். காலனிக்காரர்கள் சொல்வதை மட்டும் வைத்து இந்த வழக்கு நிற்காது என்று அரசு வக்கீலே சொல்லிவிட்டார். ஊர்த்தெருவிலிருந்து பார்த்தவள் ஒருத்தி வேண்டும். அந்த ஒருத்தி நான்தான்.

உன் அப்பா இருபது நாளில் ஜாமீனில் வந்தார். இப்போது உளுந்தூர்பேட்டையில் உன் அத்தை வீட்டில் இருக்கிறார். வந்த மறுநாள் இங்கே, நான் இப்போது இருக்கிற பள்ளிக் குடியிருப்புக்கு வந்து வாசலில் நின்றுகொண்டு, “இன்னாடி, புருசன ஜெயிலுக்கு அனுப்பிட்டு உனக்குச் சோறு எறங்குதா?” என்றார். இறங்குகிறது என்றேன். ஹெல்மெட்டால் தோளில் அடித்தார். இது உனக்குப் புதிதில்லை. ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. நீ மடத்துக்குப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கு எனக்கு முதலில் தோன்றியது தேவ அழைத்தல் இல்லை, இனிமேல் இவள் அடி வாங்க மாட்டாள் என்றுதான் தோன்றியது. குழாயடியில் என்னைப் பார்த்தால் ஊர்த்தெருப் பெண்கள், “வழி வுடுங்கடி, காலனிக்கு அப்போஸ்தலர் வர்றாங்க” என்கிறார்கள். விஜயலட்சுமி மட்டும், ஊர்த்தெருவில் நமக்கு எதிர்வீடு, சாமி வேறு அவளுக்கு, யாரும் பார்க்காதபோது குழம்பு கொண்டுவந்து வைத்துவிட்டு, “நீ ஒண்ணியும் யோசிக்காத டீச்சர், துன்னு” என்று சொல்லிவிட்டுப் போகிறாள்.

பள்ளி திறந்துவிட்டது. நூற்று நாற்பதில் அறுபத்தொரு பிள்ளைகள் வருகிறார்கள். ஊர்த்தெருப் பிள்ளைகள் வேன் ஏறி வேறு பள்ளிக்குப் போகிறார்கள். கல்வராயன் மலையிலிருந்து விடுதியில் தங்கிப் படித்த பிள்ளைகள் அன்று கோயிலில்தான் இருந்தார்கள். இருசம்மாள் வெள்ளிமலையிலிருந்து பஸ் பிடித்து வந்து தன் இரண்டு பெண்களையும் பெட்டியோடு கூட்டிப்போனாள். நான் கெஞ்சினேன், நல்லாப் படிக்கிற பிள்ளைகள் என்றேன். “படிப்பு நல்லாத்தான் குடுத்தீங்க. உங்க கோயில்ல புள்ளைய நாற்காலியால அடிக்கிறாங்க, எங்க மலையில கரடி கூட வழிய மறிச்சாத்தான் அடிக்கும்” என்றாள். பெட்டிகளைத் தூக்கிப் பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்தேன். அவர்கள் பிளந்த கரும்பலகைக்குப் பதிலாகச் சுவரில் கருப்புப் பெயிண்ட் அடித்து அதில்தான் எழுதுகிறேன். ஜெபம் சொல்லும்போது பிள்ளைகள் கண்ணை மூடுவதில்லை. மூடச் சொல்லி நானும் வற்புறுத்துவதில்லை.

இசைவாணி கச்சிராயபாளையத்தில் ஆறாம் வகுப்பு சேர்ந்திருக்கிறாள். கைக்குள் தகடு வைத்திருக்கிறார்கள், உள்ளங்கையை மேலே திருப்ப முடியவில்லை. கோயிலுக்கு வருவதில்லை. போன ஞாயிறு நான் காலனிக்குப் போனேன், கண்ணகி ஸ்டூல் எடுத்துப் போட்டாள், டீ கொடுத்தாள், குடித்தேன். அந்த வீட்டில் நான் வாய் வைத்தது அதுதான் முதல் தடவை, முப்பது வருடத்தில். வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போகிறேன் என்று கண்ணகி கேட்கவில்லை. பிள்ளைதான் கேட்டாள், சும்மா, பாடத்தில் சந்தேகம் கேட்பது மாதிரி: “கோர்ட்ல பொய் சொல்லிட்டு அப்பறமா சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டா மன்னிப்பு உண்டு இல்ல டீச்சர்? நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க. அப்ப நீங்க அத்த பண்ணிக்கலாம். என் கை மட்டும் அப்படியே இருக்கும்.” கண்ணகி அவளை அதட்டினாள், “டீச்சர்கிட்ட இன்னா பேச்சு பேசிகினு கீற!” அதட்டாதே என்றேன். தொண்ணூற்றாறு மார்க் போட்டது தப்பு, நூறு போட்டிருக்க வேண்டும்.

அதனால் இதுதான் என் பதில். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி டவுன் பஸ்ஸில் கண்ணகியோடு போகிறேன். மாஜிஸ்திரேட் கேட்டால் சூசைநாதன், தகப்பன் பெயர் இன்னாசிமுத்து, என் கணவர், நாற்காலியால் அடித்தவர் இவர்தான் என்பேன். கண்ணகியை உதைத்தவர் என் கொழுந்தன் என்பேன். அன்று அந்த நாற்காலியில் யார் உட்காரப் போகிறார்கள் என்று தெரிந்தும் மறைத்தவள் நான் என்பதையும் சொல்வேன். மன்னிப்பு வேண்டும் என்றால் உன் அப்பா அந்தப் பிள்ளையிடம் போய்க் கேட்கட்டும், அவள் சார்பில் நான் கொடுக்க அது என் சொத்து இல்லை, உன் சொத்தும் இல்லை. ஆகஸ்டுக்கு ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன், ஒரு டிக்கெட். பீடத்துக்குக் கூட்டிப்போக இரண்டு பேர்தான் வேண்டும், ஒருத்தி போதாது என்று உங்கள் மடத்தில் சொன்னால் பரவாயில்லை, நீ தனியாக நடந்து போ, நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பார்க்கிறேன். வரவே வேண்டாம் என்று நீ எழுதினாலும் வருவேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாதே, ஈரத் தலையோடு ஜெபக்கூடத்துக்குப் போகாதே. உன் நெற்றியில் சிலுவை போட்டு ஆசீர்வதிக்கிறேன், சேசு மரி சூசை உன்னோடு இருக்கட்டும். வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு என் பெயரைக் கூப்பிடுவார்கள், மறக்காமல் அந்த நேரம் எனக்காக ஒரு அருள் நிறைந்த மரியே சொல். அப்பாவுக்காக வேறொரு நாள் சொல்லிக்கொள்ளலாம்.

உன் அம்மா,
பிலோமினா.