சொல்லாமல் விட்ட ஒரு வாக்கியம்

20 நவம்பர் 1985, புதன்.

அரை நாள் லீவு போட்டுவிட்டு யோகமலருடன் பஹார்கஞ்ச் போனேன். யாழ்ப்பாணத்துப் பெண். ஆறு வயது மகளோடு முனிர்காவில் ஓர் அறையில் இருக்கிறாள். கணவன் ஜெர்மனியில். அவளைக் கப்பலேற்றப்போகும் ஏஜெண்டுக்குத் தமிழ் தெரியாது, அவளுக்கு ஹிந்தி தெரியாது. நான்தான் நடுவில்.

பம்பாயிலிருந்து ஜெர்மனிப் பக்கம் போகும் சரக்குக் கப்பல். அது கரைக்குப் போகாது, கடலிலேயே படகில் இறக்கிவிடுவார்கள், பிறகு அவர்களாகத் துடுப்புப் போட்டுப் போக வேண்டும் என்றான். போன தடவை ஒரு படகு கரை சேரவில்லை என்பதையும் டீ குடித்துக்கொண்டே சொன்னான்.

"என்னவாம் அக்கா?"

"கரைக்குக் கொஞ்சம் முன்னால இறக்கி விடுவாங்களாம்."

அந்தப் படகைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. குழந்தை அவள் மடியில் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் மனசு கேட்காமல் சொல்லிவிட்டேன். அவள் ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தாள்.

"தெரியும் அக்கா. அதில என்ர தம்பியும் போனவன். இந்த ஏஜெண்டை விட்டா வேற ஆள் இல்லை. எங்கட வீட்டில இப்ப ஆமிக்காரர் இருக்கினம். பிள்ளையைக் கொண்டு நான் எங்க போறது?"



முனிர்காவில் இறங்கும்போது ஒன்றே ஒன்று கேட்டாள். பிள்ளைக்கு மிதவைச் சட்டை தருவார்களா என்று நாளை ஏஜெண்டிடம் விசாரிக்க வேண்டுமாம். விசாரிக்கிறேன் என்றேன்.

இல்லை என்றுதான் அவன் சொல்வான். அதை அவள் முகத்தைப் பார்த்து அப்படியே சொல்வேனா என்று தெரியவில்லை.