ஜோடிக் கூலி

1934 ஜனவரி 8, திங்கள்

மாம்பலம் புது மனைகளில் இன்று வேலை ஆரம்பம். ஏரியைத் தூர்த்த இடம். தவளைச் சத்தம் இன்னும் ஓயவில்லை, அதற்குள் மாடி வீடுகள். கட்டட வேலைக்காரர்களின் கூலி, குடும்ப வருமானம் பற்றி எங்கள் பேராசிரியர் செய்யும் ஆராய்ச்சிக்கு நான் தகவல் சேகரிக்க வேண்டும். ஆண்கள் கேட்டால் பெண்கள் வாய் திறப்பதில்லை. அதனால்தான் எனக்கு இந்த வேலை. நான், அபயாம்பாள், விதவையாகியும் தலைமயிரோடு நடமாடுவதே மயிலாப்பூரில் எங்கள் தெருவுக்குப் பொறுக்கவில்லை. பி.ஏ. படித்தது போதாதென்று இப்போது உத்தியோகம் வேறு.

மேஸ்திரி நல்ல வாய்க்காரர். "நம்மகிட்ட ஜோடி ஆளுதாம்மா. புருசன் கொத்தனாரு, பெண்சாதி சித்தாளு. ஒத்தப் பொம்பளைய எடுக்கறதில்ல, வம்பு" என்றார். சனிக்கிழமை இருவர் கூலியும் ஆணின் கையில் கொடுக்கப்படும். எனக்கும் சௌகரியம்தான். நாற்பது ஜோடி, நாற்பது படிவம், நாற்பது குடும்பம்.

ஜனவரி 13, சனி

தேவானை என்று ஒரு சித்தாள். தலையில் சாந்துச் சட்டியோடு ஏணி ஏறும்போதுகூட வெற்றிலை மெல்லுகிறாள். சேட்டு என்ற கொத்தனாருக்கு ஜோடி. "உன் வீட்டுக்காரர் பெயர் என்ன?" என்று கேட்டேன். பக்கத்தில் நின்ற மேஸ்திரியைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்.

புருஷன் பெயரை எந்தப் பெண்தான் வாய்விட்டுச் சொல்வாள்? அண்ணா வீட்டில்தான் இருக்கிறேன், மன்னி அவர் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. "சேட்டுதானே?" என்று நானே எடுத்துக் கொடுத்தேன். "அப்டியே எய்திக்கயேன்" என்றாள். எழுதிக்கொண்டேன். இன்னும் பல பெண்களும் இதே மாதிரி தலை குனிந்தார்கள். மரியாதையான ஜனங்கள்.

பிப்ரவரி 1, வியாழன்

முதல் சம்பளம். அண்ணா வாங்கிக்கொண்டு வந்தார். குமாஸ்தா முன்னால் பெண்பிள்ளை போய் நிற்பது அழகில்லை என்று, என் சம்பளத்தை அண்ணாவிடம் கொடுக்கலாம் என்று சேர்ந்த அன்றைக்கே ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருந்தேன். கைச்செலவுக்கு இரண்டு ரூபாய் தந்தார். மாம்பலம் வெயிலுக்குக் குடை வேண்டும் என்றேன். "அடுத்த மாசம் பாக்கலாம், அபயம்" என்றார்.

பிப்ரவரி 5, திங்கள்

சுருக்கப் பட்டியல் கொடுத்தாகிவிட்டது. வீட்டுக்கு இரண்டு சம்பாத்தியம், நிலைமை அவ்வளவு மோசமில்லை. பேராசிரியர் மெச்சினார். வேலை நடக்கும் இடத்தில் எங்களை உள்ளே விட்ட மரியாதைக்குக் காண்டிராக்டருக்கும் ஒரு நகல் போகிறது.

பிப்ரவரி 17, சனி

சித்தாள் கூலியைக் குறைத்துவிட்டார்கள். நாளுக்கு ஐந்தணா, இன்றிலிருந்து நாலணா.

ஏன் என்று மேஸ்திரியிடம் கேட்டேன். "இன்னாம்மா இப்டி கேக்கற? நீதான எய்திக் குட்த்த, வூட்டுக்கு ரெண்டு சம்பளம்னு? மொதலாளி அதத்தான் படிச்சுக் காட்னாரு. வூடு கட்டறவங்களே கொறைஞ்சுட்டாங்க, ஒரு அணா கொறைஞ்சா குடி முழுகிடாதுன்னாரு."

நான் எழுதியதா? நான் எழுதியதுதான். தேவானை என்னைத் தாண்டிப் போனாள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 18, ஞாயிறு

அண்ணாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு, தேவானையைத் தேடி அடையாற்றங்கரைக் குடிசைகளுக்குப் போனேன். சேட்டு வீடு எது என்று கேட்டேன்; காட்டினார்கள். வாசலில் ஒரு பெண் மூச்சு வாங்கிக்கொண்டு மீன் கழுவிக்கொண்டிருந்தாள். சேட்டுவின் பெண்சாதியாம்! அப்படியானால் தேவானை?

நாலு குடிசை தள்ளி இருந்தாள், தன் மகளோடும் கண் தெரியாத மாமியாரோடும். என்னை உட்காரச் சொல்லவில்லை.

"சேட்டு எம் புருசன் இல்ல. எம் புருசன் செத்து மூணு வருசம் ஆவுது. ஒத்தப் பொம்பளைய மேஸ்திரி எடுக்க மாட்டான். சேட்டு பெண்சாதி இளுப்புக்காரி, சட்டி தூக்க முடியாது. அதனால அவன் பேர்ல நான் ஜோடியாப் போய்க்கினு கீறேன். பேரு குட்த்ததுக்கு வாரா வாரம் அவன் நாளுக்கு ஒரு அணா பிட்ச்சிக்கினுதான் மீதியக் குடுப்பான்."

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்றேன்.

"மேஸ்திரிய வெச்சிக்கினு கேட்டா இன்னா சொல்றது? இப்ப நாலணாவுல அவனுக்கு ஒண்ணு போனா மூணு. மூணு வயிறு. நீயே கணக்குப் போடு, படிச்சவதான?" குரல் ஏறிக்கொண்டே போயிற்று. அப்புறம் திடீரென்று, "ஆமா, உங் கூலிய யாரு வாங்கறா?"

"எங்க அண்ணா."

"அப்ப உனுக்கும் ஒரு சேட்டு கீறான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாமியார்க் கிழவியும் சிரித்தாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. அண்ணாவும் அவனும் ஒன்றா?

வரும் வழியெல்லாம் அதே கோபம். யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

பேராசிரியரிடம் சொன்னேன். திட்டவில்லை. "ஒரு விதிவிலக்குதானே அம்மா, அடிக்குறிப்பில் போட்டுவிடலாம்" என்றார். ஒன்றா பத்தா என்று வீடு வீடாகப் போனால்தான் தெரியும் என்றேன். இரண்டு வாரம் கொடுத்தார். யார் பெயரையும் வெளியில் விடுவதில்லை என்றும் வாக்கு வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 1, வியாழன்

சம்பளம். அண்ணா. இரண்டு ரூபாய். குடை பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

மார்ச் 5, திங்கள்

நாற்பதில் பதின்மூன்று ஜோடிகள் புருஷன் பெண்சாதி இல்லை. விதவைகள், புருஷன் விட்டுப் போனவர்கள், ஒருத்திக்குக் கல்யாணமே ஆகவில்லை. பதின்மூன்று பேரும் பெயருக்கு விலை கொடுக்கிறார்கள். தலை குனிந்ததை நான் மரியாதை என்று எழுதிவைத்தேனே! மண்டு.

திரும்பும்போது சேட்டு வழியில் நிறுத்தினான். "எம் பொயப்புல மண்ணப் போடறியேம்மா. எம் பேரு இல்லாட்டி அவ எங்க போவா? எம் பெண்சாதி மருந்துக்கு உங்க ஆபீஸா குடுக்கும்?" அவன் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது.

மார்ச் 14, புதன்

திருத்திய பட்டியலோடு பேராசிரியர் காண்டிராக்டரைப் பார்க்கப் போனார். நானும் போனேன், என்னை உட்காரச் சொன்னார்கள், பேசச் சொல்லவில்லை. பதின்மூன்று பெண்களின் கூலியை வேற்று ஆண்கள் கைநாட்டு வைத்து வாங்குகிறார்கள் என்றதும் மனிதருக்கு முகம் மாறியது. இரக்கம் ஒன்றும் இல்லை. நாளைக்கு எவளாவது கூலி வரவில்லை என்று கோர்ட்டுக்குப் போனால் இரண்டாம் முறை கொடுக்க வேண்டுமே என்ற பயம். இனி அவரவர் கூலி அவரவர் கையில், ஒற்றைப் பெண்ணும் தன் பெயரிலேயே வரலாம் என்று மேஸ்திரிக்குச் சொல்லி அனுப்பினார். குறைத்த ஒரு அணா? அதற்கு மழைக்காலம் போகட்டும் என்றார்.

மார்ச் 17, சனி

பட்டுவாடாவுக்குப் போயிருந்தேன். பெண்கள் தனி வரிசை. சேட்டு தூரத்தில் பீடி குடித்துக்கொண்டு நின்றான். தேவானை கட்டைவிரலை மையில் அழுத்தி வைத்தாள், காசை மடியில் கட்டிக்கொண்டாள்.

முன்பு ஐந்தில் ஒன்று போய் நாலு. இப்போது நாலுக்கு நாலு. ஒரு காசு கூடவில்லை. அதைச் சொன்னேன். "தெரியும்மா" என்றாள். "ஆனா இத்த யார்கிட்டயும் கேட்டு வாங்கல பாரு."

ஒற்றைப் பெண்களில் இருவரை, கிழவிகள் என்று சொல்லி, மேஸ்திரி நிறுத்திவிட்டார். யார் பெயரிலாவது ஒட்டிக்கொண்டிருந்தவர்கள். அதுவும் என் பட்டியலால் வந்ததுதான். எழுதிவைக்கிறேன்.

மார்ச் 29, வியாழன்

குமாஸ்தாவிடம் போய் என் கடிதத்தைத் திரும்பக் கேட்டேன். "அண்ணாவுக்குத் தெரியுமா?" என்றார். கொடுங்கள் என்றேன்.

ஏப்ரல் 3, செவ்வாய்

ஒரு அணா ஸ்டாம்பின் மேல் நானே கையெழுத்துப் போட்டுச் சம்பளம் வாங்கினேன். மவுண்ட் ரோட்டில் இறங்கிக் குடை வாங்கினேன். கறுப்பு, மூங்கில் பிடி.

வந்ததும் அண்ணாவிடம் சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "இந்த ஆத்துல உனக்கு நான் என்ன கொறை வெச்சேன், அபயம்?" என்றார். குறை ஒன்றும் வைக்கவில்லை, உண்மைதான். அதையும் சொன்னேன், கடிதம் மட்டும் இனி வேண்டாம் என்றும் சொன்னேன். சாப்பிடாமல் மாடிக்குப் போய்விட்டார்.

வீட்டுச் செலவுக்கு என்று இருபது ரூபாயை அடுக்களைக்குப் போய் மன்னி கையில் கொடுத்தேன். "அவர்ட்டன்னா குடுக்கணும்?" என்றார். சமைக்கிறது நீங்கள்தானே என்றேன். இந்த வீட்டுக்கு வந்து பதினாறு வருஷத்தில் அவர் கையில் யாரும் நேராகப் பணம் கொடுத்ததில்லை போலிருக்கிறது. எங்கே வைப்பது என்று தெரியாமல் அஞ்சறைப்பெட்டியைத் திறந்தார், மூடினார். மாடிப்படியை ஒருமுறை பார்த்தார். அப்புறம் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டு, அடுப்பைப் பார்க்கத் திரும்பினார்.