அன்னம்மா வீட்டுப் பந்தக்கால்

1936 மார்ச் 4

போஞ்சிக்கொடிப் பாத்தி நடுவில் ஈட்டி மாதிரி மூன்று மூங்கில் குருத்து. போன வாரம் ஒன்றும் இல்லை, சத்தியமாக இல்லை. வேலிக்கு அந்தப் பக்கம் கணக்கப்பிள்ளை வீட்டு மூங்கில் புதர், தனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல ஆடிக்கொண்டு நிற்கிறது. அரிவாளால் அறுத்து எறிந்தேன். சனியன் ஒழிந்தது.

மார்ச் 15

ஒழியவில்லை. மூன்று இருந்த இடத்தில் ஐந்து. உப்புப் போட்டேன். கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினேன். செத்தது என் கொத்தமல்லி. இவரிடம் சொன்னால், “ஃபேக்டரில ரோலர் நிக்குது, நீ மூங்கிலப் பத்திப் பேசுற” என்கிறார். டீமேக்கர் பெண்டாட்டிக்குத் தோட்டம் ஒரு கேடா என்ற நினைப்பு. அந்தத் தோட்டத்துக் கோவாக் கறியை மட்டும் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடத் தெரிகிறது.

ஏப்ரல் 2

தேயிலை மலை வேலை முடிந்தபின் கூலியாள் வீரய்யாவை வரச்சொல்லித் தோண்ட வைத்தேன். அலவாங்குக் கம்பியைப் போட்டு மண்ணைப் புரட்டினால் — ஐயோ! பாய் பின்னியதுபோல் வேர். வேலிக்கு அடியில் நுழைந்து, பாத்தியைக் கடந்து, நேராக என் குசினிச் சுவரைப் பார்த்துப் போகிறது.

“எப்படிடா வந்து தொலைஞ்சுச்சு இது?” என்றேன்.

வீரய்யா தலையைச் சொறிந்தான். “நான்தாங்கம்மா கொண்டாந்தேன். சீதாப் பொண்ணு கல்யாணத்துக்குப் பந்தக்கால் வேணும்னாங்க. துரை பங்களாவுல இந்த மெல்லிசு மூங்கில் இருந்துச்சு. கிழங்கோட பேத்துக் கொண்டா, தளிர்த்தா பொண்ணுக்கு நல்லதுன்னு கணக்கப்பிள்ளையம்மா சொன்னாங்க.”

ஊர் உலகத்தில் எல்லோரும் வெட்டிய மூங்கிலைத்தான் பந்தக்காலாக நடுகிறார்கள். கல்யாணம் முடிந்ததும் பிடுங்கிவிடுகிறார்கள். கிழங்கோடு நடச்சொன்ன ஒரே ஆள் என் பக்கத்து வீட்டில்தான் இருக்க வேண்டுமா? தளிர்த்தது. மூன்று வருஷமாகத் தளிர்த்துக்கொண்டே இருக்கிறது.

ஏப்ரல் 5

கணக்கப்பிள்ளை பெண்டாட்டி அன்னம்மாவிடம் நேரிலேயே கேட்டுவிடலாம் என்று போனேன். என்ன கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன்.

“வெட்டறதா? என்னக்கா சொல்றீங்க? அது சீதாவோட பந்தக்காலு. அவ வயிறு திறக்குறவரைக்கும் அதுல யாரும் கைவைக்கக் கூடாது.” வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அதன் அடியில் ஒரு செம்பு பால் ஊற்றுகிறாளாம். மஞ்சள் வேறு பூசியிருக்கிறாள்.

சீதாலெட்சுமி அவளுக்கு ஒரே மகள். உடப்புசல்லாவையில் கொடுத்திருக்கிறது. மூன்று வருஷமாகக் குழந்தை இல்லை. மாப்பிள்ளைக்கு வேறு பெண் பார்ப்போம் என்று மாமியார் பேச ஆரம்பித்துவிட்டாளாம். இதைச் சொல்லும்போது அன்னம்மாவின் குரல் இறங்கிப்போனது. இதற்கு மேல் என் போஞ்சியைப் பற்றி என்ன பேசுவது? அவள் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். சண்டை போடப்போன லட்சணம் இது.

ஜூன் 20

அடைமழை. அடுப்புக்குப் பக்கத்தில் சிமெந்துத் தரையைப் பிளந்துகொண்டு ஒரு குருத்து. சுவரில் என் விரல் நுழையும் அளவு வெடிப்பு. கம்பெனி வீடாச்சே, துரை பார்க்க வந்தால் என்ன சொல்வது? அடுத்த வீட்டு மகள் வயிறு திறக்கவில்லை, அதனால் சுவர் திறந்துவிட்டது என்றா? இவர் முதன்முறையாக நின்று பார்த்தார். “என்னடி இது!” என்றார். இப்போதுதான் கண் தெரிந்திருக்கிறது.

ஜூலை 7

இனி பொறுக்க முடியாது. என் பக்கத்தில், வேலி ஓரமாக, முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால்போலக் கான் வெட்டினோம், வீரய்யாவும் நானும். குறுக்கே வந்த வேரையெல்லாம் அறுத்துப் பழைய தகரத்தைச் செருகினோம்.

பாதி வேலையில் அன்னம்மா ஓடிவந்தாள். தலைமுடி அவிழ்ந்து கிடந்தது. “எம்மக வயித்துலயா வெட்டுற?” என்று கத்தினாள். லயத்து வீடுகளிலிருந்த சனமெல்லாம் வெளியே வந்து நின்றது.

நான் என் பாத்தியில்தானே தோண்டினேன்? எத்தனை வருஷப் பழக்கம், இதுவரை ஒருநாள் என்னை ‘நீ’ என்றிருப்பாளா? அப்படி என்ன பண்ணிட்டேன் நான்? எனக்கென்ன அந்தப் பொண்ணு மேல பாசமில்லையா? சடை பின்னி விட்டவடி நானு! வீட்டுக்குள் வந்து ஆத்திரம் தீர அழுதேன்.

ஆகஸ்ட் 19

அன்னம்மாவுக்கும் எனக்கும் போக்குவரத்து இல்லை. மூங்கில் மட்டும் வந்துபோகிறது. தகரத்தின் மேலேயே ஏறி வந்திருக்கிறது.

நவம்பர் 18

சீதா வந்திருக்கிறாள். கூட யாரும் வரவில்லை. கல்யாணத்துக்குக் கொடுத்த டிரங்குப் பெட்டி வந்திருக்கிறது. வரும் தையில் மாப்பிள்ளைக்கு வேறு கல்யாணமாம். போய்ப் பார்க்க வேண்டும். எந்த முகத்தோடு போவேன்? கானை வெட்டியவள் நான்தானே என்று அந்தப் பெண்ணும் நினைத்தால்?

நவம்பர் 20

வெள்ளிக்கிழமை. காலையில் கீரை கிள்ளிக்கொண்டிருந்தேன். அன்னம்மா பால் செம்போடு மூங்கிலடிக்கு வந்தாள். வெறி பிடித்த மாதிரி பின்னாலேயே சீதா.

“இன்னமுமா ஊத்துற? அங்க எங்க மாமியா என்ன சொல்லுவாங்க தெரியுமா? ‘உங்கம்மா வீட்டுப் பந்தக்கால் தழைக்குது, நீதான் பட்டுப்போயிட்ட’ம்பாங்க. தீவாளிக்குத் தீவாளி வந்து, இத்தனை குருத்து விட்டுருக்குன்னு நீதானம்மா பெருமையாச் சொல்லிட்டுப் போன!”

அன்னம்மா செம்பை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வாசற்படிக்குத் திரும்பினாள்.

சீதா வேலி ஓரம் வந்தாள். “பெரியம்மா, அலவாங்கு இருக்கா?”

இந்த மூங்கில் ஒழிய வேண்டும் என்று எத்தனை தடவை சாபம் விட்டிருக்கிறேன். இப்படியா ஒழிய வேண்டும் என்று கேட்டேன்? கொடுத்தேன். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு நானும் வேலியைத் தாண்டிப் போனேன். சாயங்காலம்வரை தோண்டினோம். கையெல்லாம் கொப்புளம். அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அன்னம்மா வாசற்படியில் செம்பை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

1937 பெப்ரவரி 9

சீதா தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுக்கிறாள். காலையில் குடையோடு போகிறாள். அன்னம்மா வேலி ஓரம் வந்து நின்றாள், நானும் நின்றேன். “போஞ்சி பிடிச்சிருக்கு போல” என்றாள். “ம்” என்றேன்.

மே 21

மறுபடி மழை. மதியம் குசினிப் பக்கம் அன்னம்மாவின் குரல். “அக்கா, உங்க போஞ்சிக்குள்ள ஒண்ணு தலை நீட்டுது. அலவாங்க எடுங்க, நான் பேத்துடறேன்.”

இந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வருஷம் தொண்டைத்தண்ணி வற்றக் கத்தியிருக்கிறேன். இப்போது கேட்டபோது, விடு அன்னம்மா, கிடந்துவிட்டுப் போகட்டும் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. நல்லவேளை.

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மழையிலேயே தோண்டினாள். கிழங்கு முழுதாகக் கையில் வரும்வரை விடவில்லை. “பள்ளிக்கூடம் விடுறதுக்குள்ள எரிச்சிடணும்க்கா. சீதா கண்ணுல படக் கூடாது.” என் அடுப்பிலேயே வைத்துக் கொளுத்தினோம். பச்சைக் கிழங்கு, எரியவா செய்யும்? குசினி முழுக்கப் புகை. இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தோம்.

தேத்தண்ணி போட்டேன். இன்று வெள்ளிக்கிழமை. செம்பில் பால் அவள்தான் கொண்டுவந்திருந்தாள்.