அம்மாவின் போன் பழுதில்லை

அஜின்கோர்ட், ரொறன்ரோ
ஐப்பசி 14

அன்புள்ள அண்ணா,

இங்கே அம்மாவும் நானும் இருக்கிறோம். நலம் என்று எழுத மனமில்லை. நீ நலமாக இருப்பது தெரியும். அதை நான் மட்டுமல்ல, உன்னைப் பின்தொடர்கிற அத்தனை பேரும் தினமும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்.

முதலில் ஒன்று. உனக்குக் குருப்பட்டம் கிடைத்த நாளிலிருந்து, அம்மா சொன்னதற்காக, உன்னை 'நீங்கள்' என்றும் 'சுவாமி' என்றும் அழைத்து வருகிறேன். இந்தக் கடிதத்தில் அது கிடையாது. இது பங்குத்தந்தைக்கு எழுதுவதல்ல. என் போர்வையை இழுத்துக்கொண்டு போய்ப் படுத்த சசிகரனுக்கு எழுதுவது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் முதல் மூன்று வரியைப் பார்த்து இரண்டு கும்பிடும் கைகளைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் கடதாசி. தங்கத்துரை அங்கிள் யாழ்ப்பாணம் வருகிறார். உன் கையில்தான் கொடுக்க வேண்டும், நீ வாசித்து முடிக்கும்வரை முன்னால் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். இருப்பார். பிடிவாதக்கார மனிசன். அவருக்கு ஒரு தேத்தண்ணி கொடு.

விஷயத்துக்கு வருகிறேன். போன கிழமை எனக்கு எழுதியிருந்தாய்: "அம்மாவின்ரை போன் பழுது போலை. அடிச்சால் எடுக்கிறா இல்லை, லைவிலையும் காணேல்லை. ஒருக்கால் பாரடா, உனக்குத்தானே உதுகள் தெரியும்." தெரியும். அதுதான் என் தொழில். வீடு வீடாகப் போய் இணைய லைன் இழுப்பதும், எங்கே அறுந்திருக்கிறது என்று தேடிப் பிடிப்பதும். பார்த்தேன். பற்றரி சரி. சிம் சரி. சிக்னல் சரி. போன் பழுதில்லை. அம்மா அதை நிறுத்தி, அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். நீ அழைத்தால் கேட்கக்கூடாது என்பதற்காக.

ஏனென்று உனக்கு உண்மையிலேயே விளங்கவில்லை. உன் மெசேஜைத் திரும்பத் திரும்ப வாசித்தேன், நடிப்பில்லை, விளங்கவில்லைதான். எனக்கு அதுதான் கூட எரிகிறது.

அந்தச் சனிக்கிழமை. எங்களுக்குக் காலை, உனக்கு மாலைச் செபம் முடிகிற நேரம். அம்மாவுக்குக் கீமோ முடிந்து சத்திரசிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். உனக்கு விசா மறுத்ததற்கு உன்னைக் குறை சொல்லவில்லை, அம்மாவும் சொல்லவில்லை. "சுவாமி போனிலை எண்டாலும் தலைக்கு நேரை கையை நீட்டிச் செபிச்சால் காணும்" என்றார். முதல்நாளே உன்னிடம் நேரம் கேட்டார். பெற்ற பிள்ளையிடம், "சுவாமிக்கு வசதிப்படுமோ" என்று.

விடியவே குளித்தார். மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்தார். முழங்கால் வருத்தத்தோடு, என் கையைத் தட்டிவிட்டு, தானாகவே முழந்தாளிட்டார். பிறகு தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்தார். நான் வேண்டாம் என்றேன். கோயிலில் முக்காடில்லாமல் ஒருநாளும் நின்றறியாத மனிசி அண்ணா அவர். மயிர் கொட்டிய பிறகு அந்தத் தலையைக் கண்டது நானும் தாதியும் மட்டும்தான். பக்கத்து வீட்டு ரதி அன்ரி கிழமைக்கு இரண்டு தரம் சூப் கொண்டு வருகிறார், அவருக்குக்கூட என்ன நோய், என்ன வருத்தம் என்று சொல்லவில்லை. அப்படி ஒளித்து வைத்ததை உனக்காக அவிழ்த்தார். "வருத்தத்தை மூடிக்கொண்டு ஆசீர்வாதம் கேக்கிறதே? என்ரை பிள்ளைதானே பாக்கப்போறார்" என்று என்னைத்தான் பேசினார்.

நீ எடுத்தாய். சிரித்தாய். "தலையைக் குனியுங்கோ அம்மா" என்றாய். அதன் பிறகு அம்மாவுக்கு உன் முகம் தெரியவில்லை. வட்டமான ஒரு வெள்ளை வெளிச்சம் மட்டும் தெரிந்தது. "பீடத்து லைற்றடா, சுவாமி கோயிலுக்குள்ளை போட்டார்" என்று குனிந்தபடியே என்னிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். அந்த வட்ட லைற்றை இங்கிருந்து வாங்கி உனக்கு அனுப்பியவனே நான்தான். வேலைக்குப் பிந்திப்போச்சு என்று தொப்பியைத் தேட மற்ற அறைக்குப் போய்விட்டேன்.

பிறகு பதிவைப் பார்த்தேன், முழுவதும். ஒரு போனில் உன் 'இரவு ஆசீர்' லைவ் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. அம்மா தெரிந்த மற்றப் போனை லைவ் கமராவுக்கு முன்னால் திருப்பி நிறுத்தினாய். கையை நீட்டினாய். தொடங்கினாய், நன்றாகத்தான் தொடங்கினாய். ஆனால் உன் கண் அம்மாவில் இல்லை, கீழே ஓடுகிற வரிகளில் இருந்தது. "ஆண்டவரே, உமது அடியாள் மக்டலீனை..." என்றவன் நிறுத்தி, "ஆ, பாரிஸிலையிருந்து ஜெயமலர் அன்ரி, வணக்கம் அன்ரி, சுகமோ" என்றாய். திரும்பி வந்தாய். இன்னும் இரண்டு வரி. பிறகு யாரோ மகனுடைய சோதனைக்குச் செபிக்கச் சொல்லி எழுதினார்கள். அங்கே தாவினாய். அங்கிருந்து இன்னொருவரின் வீட்டு வழக்கு. பிறகு திருவிழா அறிவித்தல்.

அம்மாவின் செபத்துக்கு நீ 'ஆமென்' சொல்லவில்லை அண்ணா. கீழே எத்தனையோ பேர் 'ஆமென், ஆமென்' என்று அடித்துக்கொண்டிருந்தார்கள். நீ சொல்லவில்லை. பதிவின் மூலையில் அம்மாவின் மொட்டைத் தலை தெரிகிறது, குனிந்தபடி. ஆமென் வந்தால் எழும்பலாம் என்று காத்திருக்கிறார். நீ திருவிழாவுக்குத் தோரணம் கட்ட இளைஞர்களைக் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாய். தொப்பி கிடைத்து நான் அறைக்குள் வந்து தூக்கி நிறுத்தும்வரை அந்த மனிசி முழந்தாளில்தான். "பொறடா, சுவாமி முடிக்கேல்லை" என்றார்.

நான் சப்பாத்துப் போடுகிற நேரம் ரதி அன்ரி அழுதுகொண்டு ஓடி வந்தார். "அக்கா, ஒரு வார்த்தை சொல்லேல்லையே. லைவிலை பாத்துத்தானே எனக்குத் தெரியுது" என்றார். அம்மா உடனே துணியை எடுத்துத் தலையில் கட்டினார். முடிச்சு நழுவிக்கொண்டே போனது. நான்தான் போட்டேன்.

அழிக்கச் சொல்லி உனக்கு எழுதினேன். "ஏன்ரா, எத்தினை பேர் அம்மாவுக்காகச் செபிக்கினம் பார்" என்று பதில் போட்டாய். மூன்றாம் தரம் தூஷணத்தோடு எழுதிய பிறகு அழித்தாய். அத்தோடு சரி என்று நினைத்துவிட்டாய் போல.

அம்மா உன்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். "அவனுக்கு வேலை கூட" என்று மட்டும் சொன்னார். அவன். பட்டம் கிடைத்த நாளிலிருந்து அம்மாவின் வாயில் நீ 'அவன்' ஆனதில்லை. அன்றைக்குப் போனை நிறுத்தியவர்தான். விடிந்தால் உன் லைவ், மத்தியானம் உன் நவநாள், பின்னேரம் உன் மறையுரை என்று இருந்தவர், இரண்டு நாள் செபமாலையைக்கூடத் தொடவில்லை. சும்மா யன்னலால் பஸ் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீ அம்மாவின் மானத்தைப் போக்கினாய் என்பதைவிட, செபத்தைப் போக்கினாய் என்பதுதான் என் கோபம். சத்திரசிகிச்சை மேசைக்குக் கொண்டுபோக அவரிடம் இருந்தது அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் என்னைக் கூப்பிட்டு, "நீ வந்து செபமாலை சொல்லு" என்றார். நான்! பாஸ்கா, நத்தாருக்கு மட்டும் கோயில் வாசலில் நிற்கிறவன். இருந்தேன். செபமாலையின் முதல் பத்து மணிகளை உருட்டி முடிப்பதற்குள் என் கை தானாகப் பொக்கற்றுக்குப் போனது. போன் அடிக்கவில்லை அண்ணா, ஒன்றுமில்லை, சும்மா போனது. அம்மா கண்ணைத் திறக்காமலே, "உன்ரை கை அங்கை போகுது" என்றார். மற்ற நாள் போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அருள்நிறை மரியே சொல்லச் சொல்ல மனம் முழுக்க அந்த மேசையில். பிறகு அரிசி வாளிக்குள் புதைத்து மூடினேன். வேலையிடத்திலிருந்து அழைப்பு வந்து வாளி முழுக்கக் கறகறவென்று அதிர்ந்தது. அம்மா செபமாலையைப் பிடித்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அரிசிக்கும் குளிர் பிடிச்சிட்டுது" என்றார். அந்தச் சனிக்கிழமைக்குப் பிறகு முதல் சிரிப்பு அது.

இப்போது போனைக் கீழே காருக்குள் பூட்டிவிட்டு வருகிறேன். திறப்பு அம்மாவின் மடியில். என் மனேஜரிடமும் சொல்லிவிட்டேன், அந்த அரை மணித்தியாலம் வானம் இடிந்தாலும் என்னைத் தேடவேண்டாம் என்று. முதலில் சலிப்பு. அப்படியொரு சலிப்பு, சுவரைக் குத்தலாம் போல. பிறகு அந்தச் சலிப்புக்கு அடியிலிருந்து பயம் வந்தது. அம்மா செத்துப்போவார் என்ற பயம். இத்தனை நாளும் அது எனக்குள் இருந்தது. அது தலைகாட்டும்போதெல்லாம் நான் விரலால் அடுத்த வீடியோவுக்குத் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றைக்குத்தான் கடவுளிடம் நேராக ஒன்று கேட்டேன். பதில் வரவில்லை. எழும்பியும் போகவில்லை. அடுத்த நாளும் போய் இருந்தேன்.

நீ கெட்டவன் இல்லை. கோயில் பூட்டிக் கிடந்த கொரோனாக் காலத்தில் நீ தொடங்கிய லைவ்தான் அம்மாவைக் காப்பாற்றியது, அதை மறக்கவில்லை. யாரோ 'சுவாமி, உங்கள் செபத்தால் என் பிள்ளைக்குச் சுகம்' என்று எழுதுவார்கள், உன் கண் அங்கே போகும். விளங்குகிறது, ஏனென்றால் என் கையும் அப்படித்தான் போகிறது. ஆனால் நான் லைன் இழுக்கிறவன். நீ செபிப்பதற்கென்றே பட்டம் வாங்கியவன். நீ குருமடத்தில் அத்தனை வருஷம் படித்ததை நான் ஒரு அரிசி வாளியிடம் படிக்க வேண்டியிருக்கிறது. கடைசியாக எப்போது ஒருவரும் பார்க்காத இடத்தில் முழந்தாளிட்டாய்? எனக்குப் பதில் எழுத வேண்டாம். உனக்குத் தெரிந்தால் போதும்.

இப்போது நான் செய்திருக்கிற வேலையைக் கேள். மாதா சுரூபத்துக்குப் பக்கத்துச் சுவருக்கு லைன் இழுத்து ஒரு பழைய போனைப் பூட்டியிருக்கிறேன். சுருள் கம்பியோடு, காதில் வைத்துக் கதைக்கிற போன். திரை இல்லை, கமரா இல்லை, யார் வந்தார்கள் போனார்கள் என்று ஒன்றும் காட்டாது. இலக்கத்தைக் கடித உறையின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். வேறு ஒருவருக்கும் அது தெரியாது. அம்மா, "உது ஆருக்கு?" என்று கேட்டார். சுவாமிக்கு என்றேன். "உதிலை முகம் தெரியாதே, அவர் எடுக்கமாட்டார்" என்று குசினிக்குள் போய்விட்டார். ஆனால் மற்ற நாள் காலையில் பார்த்தேன், அந்தப் போனுக்குக் கீழே முழந்தாளிடுகிற இடத்தில் ஒரு தலையணையைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். காலையில் கொஞ்ச நேரம் துணியை அவிழ்த்துவிட்டு அதற்குப் பக்கத்தில் இருக்கிறார்.

சத்திரசிகிச்சை இந்த மாதக் கடைசியில். கடிதம் கிடைத்த அன்றைக்கே எடு. உன் போனை மேசையில் கிடத்தி, ஸ்பீக்கரைப் போட்டு, அதன்மேல் ஒரு துண்டை விரித்துவிடு. லைற்றை நிறுத்து. கதவைப் பூட்டு. முழந்தாளிடு. சுகம் கேட்காதே, மன்னிப்பும் கேட்காதே, அதெல்லாம் பிறகு பார்க்கலாம். விட்ட இடத்திலிருந்து தொடங்கு: "உமது அடியாள் மக்டலீனை." அம்மா இன்னும் அந்த இடத்தில்தான் குனிந்துகொண்டிருக்கிறார். முடி அதை.

குருவானவருக்கு எழுதினால் கடைசியில் ஆசீர்வாதம் கேட்டுத்தான் முடிக்க வேண்டும் என்று அம்மா பழக்கியிருக்கிறார். கேட்கிறேன். என் பங்கையும் அம்மாவுக்கே கொடு.

கோபத்தோடும் அன்போடும்,
உன் தம்பி
திலக்சன்

ஆமென் என்று நான் எழுதவில்லை. அதை நீ சொல்ல வேண்டும், அம்மாவுக்குக் கேட்கும்படி.