மூன்றாம் வரிசை, ஏழாவது கல்

நவம்பர் 6, 2023
மூன்றாவது கடிதத்துக்கும் பதில் இல்லை.

மதாம் ஷார்லோத் பெரிய தொல்லியலாளர். பாரசீக அரசர்களின் தலைநகரான சூசாவில் அகழ்வு செய்தவர். நான் முப்பத்தொரு வருடம் பாரிசில் தரைக்கும் சுவருக்கும் மாபிள் பதித்தவன், படிப்பு எட்டாம் வகுப்பு. பிறகு எதற்குப் பதில்?

அவருடைய புத்தகத்தை அகராதியோடு இரண்டு தரம் படித்தேன். எண்பத்தெட்டாம் பக்கத்தில் அரண்மனைச் சுவரின் ஒரு துண்டு, படமாக. நிறப்பூச்சுச் செங்கல், கல்லுக்கொரு பூ. மூன்றாம் வரிசையில் ஏழாவது கல் மட்டும் தலைகீழ். அந்தப் பூ சாவைக் குறிக்கிறதாம். இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார். சாவாவது மண்ணாங்கட்டியாவது! துண்டுகளைப் பொருத்தின இவருடைய ஆட்கள் மாறி வைத்துவிட்டார்கள். பிழை என்று ஒரு வரி எழுதட்டும். அதுவரை விடமாட்டேன்.

நவம்பர் 12
கடிதங்களைப் பிரெஞ்சில் தட்டித் தருபவள் மகள் யசோதினி. இன்று சிரித்தாள். "ரெண்டாயிரத்து ஐந்நூறு வருசம் சும்மா கிடந்த கல்லு, அப்பா. உங்களோடை சண்டை கொழுவ வேண்டி வந்திட்டுது."

தட்டி முடித்துவிட்டுக் கேட்டாள்: "நீங்கள் ஒருநாளும் பிழை விடேல்லையோ?"

"இல்லை."

"தவம் சித்தப்பா வேறை கதை சொல்லுவார்."

தேத்தண்ணியை அப்படியே வைத்துவிட்டு எழும்பி வந்தேன்.

பாரிசுக்குப் பக்கத்தில் ஒபர்வில்லியே மண்டபத்து வேலை, 2004. பூங்கொடி போட்ட மாபிளில் ஒன்று தலைகீழ். சீமெந்து இறுகிய பிறகுதான் கண்டார்கள். ஆர் வைத்தது என்று முதலாளி கேட்டான். தவரத்தினம் என்றேன், என்னோடு கூட நின்று வேலை செய்த தவம். அன்று பின்னேரமே அவனை வேலையால் நிற்பாட்டினார்கள். பிறகு அவன் என்னோடு கதைக்கவில்லை. பத்தொன்பது வருடம்.

அது தவம் வைத்தது. அன்றும் சொன்னேன், இன்றும் சொல்வேன்.

நவம்பர் 30
பதில் வந்துவிட்டது! நேரே வரச் சொல்கிறார்.

டிசம்பர் 8
போனேன். மதாமுக்கு என் வயதிருக்கும். கைத்தடி. கோப்பியும் அவரே போட்டுத் தந்தார்.

முதலில் பழைய படம் ஒன்றை வைத்தார். சுவர் ஒரே துண்டாய்க் குப்புற விழுந்து கிடக்கிறது, கற்கள் சாந்தோடு ஒட்டியபடி. பின்பக்கத்தில் கற்களை எண்ணிக் காட்டினார். ஏழாவதும் சாந்து விடாமல் அப்படியே இருந்தது; பிறகு ஒருவரும் கழற்றிப் பொருத்தவில்லை.

"எங்கள் ஆட்கள் வைத்தது இல்லை, மிஸ்யூ."

முகம் சூடாகிவிட்டது. ஆனாலும் விட்டேனா? கற்களின் மேல்பக்கத்தில் கொத்தர்கள் கீறிவிடும் அடையாளத்தைப் பற்றிக் கேட்டேன். அகழ்வுக் குறிப்பேட்டைப் புரட்டினார். எல்லாக் கல்லுக்கும் கோடு மேலே. ஏழாவதுக்கு மட்டும் கீழே.

"அப்ப அந்தக் கொத்தனே மாறி வைச்சிட்டான். வேறை அர்த்தம் ஒண்டும் இல்லை."

குறிப்பேட்டை மூடி வைத்தார். பிறகு சிரித்தார். "பிழை என்னுடையது. முப்பது வருடப் பிழை." அவ்வளவுதான். கோப்பிக்குச் சீனி போடுமாப்போல் சொன்னார். அடுத்த பதிப்பில் என் பெயரோடு திருத்துவாராம்.

வாசலில் கேட்டார்: "எனக்கு முப்பது வருடம். உங்களுக்கு எப்படி உடனே தெரிந்தது?"

"நானும் ஒன்று அப்படி வைத்தேன்" என்றேன்.

பிரெஞ்சில் சொன்னேன். யோசிக்கவே இல்லை. வாயிலிருந்து வந்துவிட்டது.

டிசம்பர் 9
ஒபர்வில்லியேயில் அண்டைக்கு இருட்டத் தொடங்கின நேரம். சாந்து காயுது. முதலாளி கத்துறான். கை தன்பாட்டுக்கு எடுத்து வைச்சிட்டுது. எனக்கு அப்பவே தெரியும். தெரியாது எண்டு ஆருக்கு எழுதிக்கொண்டிருக்கிறன் — இந்த நாட்குறிப்புக் கொப்பிக்கோ?

டிசம்பர் 13
நான் சரி என்று மதாமிடமிருந்து கடிதம். யசோதினி சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறாள். வேண்டாம் என்றேன்.

டிசம்பர் 17
திரான்சியில் தவம் வீட்டுக்குப் போனேன். ரூ லூயி-பிளாங் தெருத் தமிழ்க் கடையில் வடை கட்டிக்கொண்டு போனேன். வெறுங்கையோடு போய் நிற்கேலுமோ?

கதவைத் திறந்தவன் பயந்துவிட்டான். தலை முழுக்க நரை. "என்ன அண்ணை, ஆரும் செத்திட்டினமோ?"

"அந்த மாபிள் நான் வைச்சது, தவம்."

வடைப் பொட்டலத்தைக் கையில் வாங்கினான்.

"தெரியும். பக்கத்திலை நிண்டு சாந்து பூசினது நான்தானே."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்தன்."

படியில் காலடிச் சத்தம் கேட்டு ஓய்ந்தது. பிறகு, "உள்ளை வாங்கோ, குளிர் வருகுது" என்றான்.

குசினியில் அடுப்புக்குப் பின்சுவரில் பூப்போட்ட மாபிள் நாலு கழன்று கிடந்தது. அவனுக்குத் தோள்மூட்டு உயராதாம். சாந்து குழைத்தோம். அவன் ஒவ்வொன்றாய் எடுத்துத் தந்தான்.

நாலு மாபிளுக்கும், எது மேல்பக்கம் என்று அவனைக் கேட்டுத்தான் வைத்தேன்.